நல்ல நாளுக்குக் காத்திருந்த வாலு

“வாலு, நோய் வந்த செல்லுல ஒரு ஸ்விட்ச் அணையாம மாட்டிக்கும். கைனேஸ்னு பேரு. எங்க மருந்து அதோட குழிக்குள்ள போய் உக்காந்து அதை அணைக்கணும்.”

“அவ்வளவுதானாம்மா?”

“அவ்வளவுதான். ஆனா அதே சாயல்ல உடம்புல ஐநூறு ஸ்விட்ச் இருக்கு. மத்த எதையும் தொடக்கூடாது.”

“பெரியப்பா வீட்டு இரட்டைப் பசங்க மாதிரியா? எவனைத் திட்டறதுன்னே தெரியாதே.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பழைய ஊரில், அம்மாவுக்கு இந்த மருந்து வேலை கிடைத்த புதிதில். இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபிறகு அம்மா அப்படிச் சிரிக்கவே இல்லை.

அப்பா இன்னும் பழைய ஊரில்தான் இருந்தார். அம்மாவிடம் எதையாவது கேட்க வேண்டுமானால், மருந்துச் சோதனை நல்லபடியாக வந்த நாளாகப் பார்த்துக் கேள் என்று அவர்தான் போனில் சொல்லியிருந்தார்.

வாலுவுக்கு அம்மாவோடு மனம்விட்டுப் பேச வேண்டும். அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள். பெயர்தான் வாலு, புதுப் பள்ளியில் அவள் வாயைத் திறப்பதே இல்லை. இடைவேளையில் குழாயருகே நின்று, மணி அடிக்கும்வரை கை கழுவிக்கொண்டிருப்பாள். மாலையில் அம்மா வேலைசெய்யும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி அறையில் தனியாக வீட்டுப்பாடம். பேருந்தில் ஏறியதுமே அம்மா மடிக்கணினியைத் திறந்துவிடுவாள்.

இன்று சோதனை முடிவு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் திரையைச் சூழ்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அம்மா மட்டும் நின்றாள்.

சரி, இன்றும் கேட்க முடியாது. வாலு பையை மூடினாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

மருந்து கெட்ட ஸ்விட்சை அணைத்துவிட்டதாம். கூடவே, இதயத்துக்கு வேண்டிய ஸ்விட்சையும் அணைத்துவிட்டதாம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

“அடுத்தது நல்லா வருமாம்மா?”

“தெரியலைடா கண்ணா. இந்த வேலையில நல்ல நாள் எப்பவாவதுதான் வரும்.”

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா சொன்னபடி காத்திருந்தால், அவளே வளர்ந்து வேலைக்குப் போய்விடுவாள் போலிருக்கிறதே.

அம்மா தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பேச ஆள் இல்லாதவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று வாலுவுக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, எனக்குப் பள்ளிக்கூடத்துல பேச ஒருத்தரும் இல்லை. உனக்கும் இங்க யாரும் இல்லை. இன்னிக்கு பஸ் வேண்டாம், நடந்தே வீட்டுக்குப் போகலாமா? பாதி வழி நான் பேசறேன், மீதி வழி நீ பேசு.”