கண்ணாடி வூட்டு விளையாட்டு

முதலில் ஆண்டாளுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"நாமளும் ஒரு கண்ணாடி வூடு நடத்தலாம்," என்றாள்.

ஆண்டாள் ஏழாம் வகுப்பு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், பிள்ளைகளில் அவள்தான் பெரியவள். அதனால் அவள் ஒன்று சொன்னால் அது பாதி நடந்த மாதிரிதான்.

கண்ணாடி வூடு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. டிவியில் அந்த நிகழ்ச்சி தினமும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரை ஒரே வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். சுவரெல்லாம் கேமரா. உள்ளே இருப்பவர்கள் சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்புவார்கள். எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே அழுகைச் சத்தம்தான் கேட்கும்.

பிள்ளைகளின் கண்ணாடி வூடு, மூடிக் கிடந்த ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியின் சாமான் கொட்டகை. அதற்குக் கதவு இல்லை. கூரையில் இரண்டு ஓட்டை. தூணில் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையைச் சணல் கயிற்றால் கட்டினார்கள். அதுதான் கேமரா.

போட்டியாளர்கள் நான்கு பேர். லிசாவும் அமுதவள்ளியும் ஐந்தாம் வகுப்பு. விருத்தகிரி ஆறாம் வகுப்பு. பாரி மூன்றாம் வகுப்பு. அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை. ஆண்டாள் போட்டியில் இல்லை. அவள் 'குரல்'. மறைவாக உட்கார்ந்து ஒரு காலி பிளாஸ்டிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவாள்.

"போட்டியாளர்களே," என்று குடம் சொல்லும். "எல்லாரும் ஹாலுக்கு வாங்க."

நான்கு பேரும் ஏற்கெனவே ஹாலில்தான் இருப்பார்கள். கொட்டகையில் வேறு அறையே கிடையாது.

முதல் நான்கு நாள் நன்றாகத்தான் போனது. விருத்தகிரி ஃபியூஸ் கட்டையைப் பார்த்து, "எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட கோவம் இல்ல. ஆனா பாரி என்னோட முறுக்கத் தின்னுட்டான். அது எனக்கு வலிச்சுது," என்று சொன்னபோது லிசா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அமுதவள்ளியும் சிரித்தாள். எதற்குச் சிரித்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரிப்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

சனிக்கிழமை குடம் ஒரு புது டாஸ்க் சொன்னது.

"இது ரகசிய டாஸ்க். அடுத்தவங்களப் பத்தி யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் சொல்லணும். பெரிய ரகசியம் சொல்றவங்கள இந்த வாரம் யாரும் வெளிய அனுப்ப முடியாது."

விருத்தகிரி முந்திக்கொண்டான். "பாரி பல் வெளக்க மாட்டான்."

"அது எல்லாருக்கும் தெரியும்," என்றது குடம்.

அமுதவள்ளி நகத்தைக் கடித்தாள். அந்த வாரம் இரண்டு நாள் கொட்டகை கூட்டாமல் ஏமாற்றியதால், ஞாயிற்றுக்கிழமை அவள்தான் வெளியே போவாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் லிசாவைப் பார்த்தாள். பிறகு லிசாவைப் பார்க்காமல் ஃபியூஸ் கட்டையைப் பார்த்தாள்.

"லிசா தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அவங்கம்மா பேசுன பழைய வாய்ஸ் மெசேஜப் போட்டுக் கேக்கும். ஒரே மெசேஜு. தெனமும்."



"என்னா மெசேஜு?" என்று கேட்டான் பாரி.

"டிபன் பாக்ஸ எடுத்து வெளிய வையின்னு."

விருத்தகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாரி உடனே பெண் குரலில், "டிபன் பாக்ஸ எடுத்து வெளிய வையி," என்றான். பல் இல்லாததால் காற்றும் சேர்ந்து வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். லிசா மட்டும் சிரிக்கவில்லை.

லிசாவின் அம்மா உபகாரமேரி ஒரு நர்ஸ். மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. திரும்பி வர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசுவார். அப்போது நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, "நல்லா படிக்கிறியாம்மா, சாப்பிட்டியாம்மா" என்றுதான் கேட்பார். அந்த வாய்ஸ் மெசேஜ் அப்படிப்பட்டது இல்லை. அது போன வருடம், அம்மா ஊரிலேயே வேலை பார்த்தபோது அனுப்பியது.

"லிசா, பையில இருந்து டிபன் பாக்ஸ எடுத்து வெளிய வையி. மூடி வரலன்னா அப்பாகிட்ட குடு. பால் மேல தட்டு மூடியிருக்கேன். சூடா இருக்கும், பாத்து." கடைசியில் பக்கத்தில் யாரிடமோ, "தோ வரேன்," என்று ஒரு குரல்.

அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டால் அம்மா மஸ்கட்டில் இல்லை. மூன்று தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஏழு மணிக்கு வந்துவிடுவார்.

இதை லிசா அமுதவள்ளி ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் ஓட்டெடுப்பு. உடைந்த பொம்மைத் துண்டுகள்தான் ஓட்டு. யானைத் துதிக்கை, முயல் காது, எது கிடைத்தாலும் சரி. யாருக்கு எதிராக ஓட்டோ அவர் பெயர் எழுதிய தகர டப்பாவில் போட வேண்டும்.

லிசாவின் டப்பாவில் மூன்று துண்டுகள் இருந்தன.

லிசா கணக்கில் கெட்டி. அவளை விட்டால் போட்டியில் இருந்தது மூன்று பேர்தான்.

"லிசா எப்பவும் சோகமா இருக்காங்க. இந்த வூட்டுக்கு பாசிட்டிவ் எனர்ஜி வேணும்," என்று காரணம் வாசித்தது குடம்.

லிசா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அப்பா டோமினிக், சூளை வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். லிசா பாத்திரம் துலக்கினாள், வீட்டுப்பாடம் எழுதினாள். போனைத் தொடவில்லை.

"போன் வாணாமாடா?" என்று கேட்டார் அப்பா.

"வாணாம்ப்பா."

உண்மையில் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். அம்மா "டிபன் பாக்ஸ" என்று ஆரம்பித்ததுமே பாரியின் காற்றுக் குரல் குறுக்கே வந்து நின்றது. அணைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இன்னொன்று தெரிந்தது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போனவர்களிடம் பேசக் கூடாதாம். ஆண்டாளின் விதி.

"ஸ்கூலுலகூடவா?" என்றாள் லிசா.

ஆண்டாள் யோசித்தாள். "டிவியில அப்படித்தான்," என்றாள்.

லிசாவும் அமுதவள்ளியும் ஒரே பெஞ்சு. அந்த வாரம் முழுக்க அமுதவள்ளி பேசாமலே ரப்பர் வாங்கினாள், பேசாமலே திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எந்தச் சிரிப்பு யாருடையது என்று லிசாவுக்குத் தெரியும். அமுதவள்ளியின் சிரிப்பு முதலில் மூக்கில் ஆரம்பிக்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது. எழுந்து உள்ளே போவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாரி வெளியே வந்தான்.

நேராக லிசா வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். "அக்கா, நான் எலிமினேட் ஆயிட்டேன். யாராவது பேட்டி எடுக்கணும்."

லிசாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. ஒரு கரண்டியை எடுத்து மைக் மாதிரி நீட்டினாள். "சொல்லுங்க பாரி. உள்ள எப்படி இருந்துச்சு?"

"பசிச்சுது," என்றான் பாரி. அந்த வேகத்திலேயே பழைய பெண் குரலில், "டிபன் பாக்ஸ எடுத்து..." என்று ஆரம்பித்தான்.

லிசா கரண்டியைக் கீழே இறக்கினாள். "அப்படிப் பேசாத பாரி."

"ஏங்க்கா?"

"அது எங்கம்மா."

 "நான் டிவி டயலாக்கு மாதிரின்னு நெனச்சேன்," என்றான் பாரி மெதுவாக. பிறகு பையிலிருந்து ஒரு பாதி முறுக்கை எடுத்து நீட்டினான். அது விருத்தகிரியுடையது.

மூன்றாவது ஞாயிறு இறுதிப் போட்டி. உள்ளே மிச்சம் இருந்தது அமுதவள்ளியும் விருத்தகிரியும். வெளியே போனவர்கள் வந்து ஓட்டுப் போட வேண்டும் என்று ஆண்டாள் சொல்லி அனுப்பினாள்.

லிசா போனாள். கொட்டகையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம் ஒன்று செங்கல் மேல் இருந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் வீட்டு ஆடுகூட வந்து ஓரமாக நின்றது.

"லிசா," என்றது குடம். "உங்களுக்கு ஒரு வாய்ப்பு. வைல்டு கார்டு. நீங்க மறுபடியும் உள்ள வரலாம். ஜெயிக்கவும் செய்யலாம்."



"அமுதவள்ளியப் பத்தி ஒரு ரகசியம் சொல்லணும். உங்களுக்குக் கண்டிப்பா தெரியும்."

எல்லோரும் லிசாவைப் பார்த்தார்கள். அமுதவள்ளி தலை குனிந்துகொண்டாள். அவள் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

லிசாவுக்கு ஒரு ரகசியம் தெரியும். பெரிய ரகசியம். சொன்னால் தெரு முழுக்க ஒரு மாதம் சிரிக்கும். அதைச் சொன்னால் கிரீடம் வரும். மறுபடியும் எல்லோரும் அவளோடு பேசுவார்கள். சாயங்காலம் கொட்டகைக்குள் எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

அமுதவள்ளியின் கை பாவாடை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றாள் லிசா. "ஆனா சொல்ல மாட்டேன்."

"சொன்னாத்தான் உள்ள வர முடியும்," என்றது குடம்.

"பரவாயில்ல ஆண்டாளக்கா."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் குடம் தடுமாறிவிட்டது. ஆண்டாள் குடத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். "என்னா லிசா நீ. இதுதான முக்கியமான கட்டம். இப்ப நீ சொன்னாத்தான் பாக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்."

"யாருக்கா பாக்கிறாங்க?"

எல்லோரும் தூணில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆடு ஒன்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் கிரீடத்தைத்தான் பார்த்தது.

அமுதவள்ளி எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே ஓடிவிட்டாள்.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டான் விருத்தகிரி.

 அவனே கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். சுற்றிப் பார்த்தான். "எல்லாரும் போயிட்டா நான் யாரோட வெளையாடுறது?" என்றான்.

"வெளிய வாண்ணா," என்றான் பாரி. "நாங்க அங்கதான் இருக்கிறோம்."

அது என்ன ரகசியம் என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். லிசா சொல்லாததை நான் மட்டும் எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் அமுதவள்ளி லிசா வீட்டு வாசலில் வந்து நின்றாள். லிசா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் சொல்லல?" என்றாள் அமுதவள்ளி.

"நீ என்கிட்டதான சொன்ன."

"நீயும் என்கிட்டதான் சொன்ன. நான் சொல்லிட்டனே."

"ஆமா."

அமுதவள்ளி படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "வெளிய போயிடுவேன்னு பயந்துட்டேன் லிசா. நீ வெளிய போனதுக்கு அப்புறம் உள்ள நல்லாவே இல்ல. சிரிப்பு வந்தா திரும்பிப் பாப்பேன். பக்கத்துல விருத்தகிரி நிப்பான்."

லிசா ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

"உனக்கு என் மேல கோவமா?"

"கோவந்தான்."

"எவ்ளோ நாளு இருக்கும்?"

லிசா யோசித்தாள். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "தெரியல. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவும்போது பாத்துச் சொல்றேன்."

"சரி," என்றபடி அமுதவள்ளி மூக்கைத் துடைத்தாள். உட்கார்ந்து, லிசா அடுத்து எடுத்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். போர்வையை ஒரு ஆள் மடிக்க முடியாது.

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் அமுதவள்ளி நின்றாள். "போயிடுச்சா?"

"இன்னும் இருக்குது."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, "இப்ப?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இருக்குது."

புதன்கிழமை சாயங்காலம் லிசா பையை வைத்துவிட்டு அப்பாவின் போனை எடுத்தாள். வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். முதல் வார்த்தையில் பாரி வந்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போட்டாள். பாரி வரவில்லை. அம்மாதான் வந்தார். பால் மேல் தட்டு, சூடு, பாத்து, தோ வரேன். ஒன்றரை வருடம் ரொம்ப நீளமாகத்தான் இருந்தது. லிசா எழுந்து டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் தெருமுனையில் விருத்தகிரியும் பாரியும் முறுக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிக்கு ஒரு பல் முளைத்திருந்தது. அதைப் பற்றிப் பேசிப் பேசி, சிரித்துச் சிரித்து நான்கு பேரும் நடந்ததில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

அன்று அமுதவள்ளி கேட்க மறந்துவிட்டாள். லிசாவும் சொல்ல மறந்துவிட்டாள்.