சரி, வா

வீட்டுப் போனின் மெசேஜ் மெஷினில் சிவப்பு எழுத்தில் 2 என்று மின்னிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள்.

பெரிய விஷயமில்லை. இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பொத்தானை அழுத்தினாள். தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று, கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்து கிள்ளானுக்கு வந்து சேர்ந்த உடம்பில் ரப்பர் வாடை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஹாலின் வாசனை, தைலமும் பவுடரும் மூடி வைத்த கஞ்சியும் வெயில் படாத மெத்தையும் சேர்ந்து நாலு மாதமாக அந்த வீட்டுக்கே ஆகிப்போன வாசனை.

முதல் மெசேஜ் பன்னிரண்டரைக்கு, அவளுடையது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. இரண்டாவது, இரண்டு பத்துக்கு.

“அம்மா, வரேன்,” என்றது அவளுடைய குரல்.

“சரி, வா,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல், ஒரு லோரி பின்வாங்கும்போது போடுகிற பீப் பீப்.

அந்தப் போனை வாங்கியதே அம்மாவுக்காகத்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அம்மா இராஜம்மாவுக்கு ஹாலில்தான் கட்டில். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் வருவதே பெரிய பயணம். ஹேண்ட்போன் அவளுக்கு ஒத்து வரவில்லை, தேய்த்தால் எங்கெங்கோ போய்விடுகிறது. ஆகவே பெரிய பெரிய பொத்தான் வைத்த கார்ட்லெஸ் போன், மெசேஜ் பிடிக்கும் மெஷினோடு, ஆன்லைனில். ஐந்தாவது மணி அடித்ததும் மெஷின் எடுத்துவிடும், அதற்குப் பிறகுதான் அம்மா கை நீட்டி எடுப்பாள், அதனால் இரண்டு பேர் பேசுவதும் அப்படியே பதிவாகிவிடும். ‘வரேன்’ என்றால் வைக்கிறேன் என்று அர்த்தம். ‘வா’ என்றால் சரி, வை என்று அர்த்தம். தமிழ் வீட்டில் இதற்கு அகராதி வேண்டியதில்லை.

“ரெண்டு மணிக்கு யாரும்மா போன் பண்ணது?”

“நீதான பண்ண. மறந்துட்டியா?”

கைப்பைக்குள் ஹேண்ட்போன் தானாக அழுந்தியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ஹேண்ட்போனில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. அழித்துவிட்டுக் கஞ்சியைச் சூடாக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமையும் இரண்டு பத்து. அம்மா, வரேன். சரி, வா. இந்த முறை இயந்திரச் சத்தம் இல்லை. அகலமான சாலை ஒன்று, வண்டிகள் சர் சர்ரென்று கடந்து போகிற காற்று, அந்தக் காற்றுக்கு நடுவே செருப்புத் தேயும் சத்தம். யாரோ நடந்துகொண்டே பேசியிருக்கிறார்கள். புதன்கிழமை, “வாங்கக்கா, மல்லி, வாங்கக்கா” என்று ஒரு பெண் கூவுவது கேட்டது. அந்தக் குரலை விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியும், லிட்டில் இந்தியா முனையில் பூ விற்கிற அக்கா, வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அந்த நேரத்தில் அவள் தொழிற்சாலையில் மீட்டிங்கில் இருந்தாள். ஆறு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் வந்த பெட்டியில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தாள். எடுத்தவன் பெயர் கார்த்திகேசு என்றான், தமிழ்க் குரல் என்றதும் ஆங்கிலத்தை விட்டுவிட்டான்.

“அது எக்கோ மேடம். பழைய மெசேஜ் திரும்பத் திரும்ப பிளே ஆகும். நிறைய கஸ்டமர் இதே கம்ப்ளேன் பண்ணியிருக்காங்க.”

“அவங்களுக்கெல்லாம் அப்புறம் சரியாயிருச்சா?”

அவன் எதையோ புரட்டினான். “அப்புறம் யாரும் திரும்பக் கூப்பிடல மேடம். செட்டில் ஆயிருக்கும் லா.”

அன்றிரவு, போனை வாங்கிய ஆன்லைன் பக்கத்தில் மற்றவர்கள் எழுதியிருந்ததை முதல் முறையாக முழுதாகப் படித்தாள். அஞ்சு நட்சத்திரம், அஞ்சு நட்சத்திரம், அம்மாவுக்கு வாங்கினேன் சூப்பர், பேட்டரி நல்லா நிக்குது. எல்லாவற்றுக்கும் கீழே, பூச்சோங்கிலிருந்து ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். ‘என் குரல்லயே மெசேஜ் வருது. ஒவ்வொரு நாளும் கிட்ட வருது. பயந்து சுவிட்ச ஆஃப் பண்ணேன். அது பெரிய தப்பு. ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் எது வரைக்கும் வந்திருக்குன்னு தெரியாமப் போச்சு. யாரும் ஆஃப் பண்ணாதீங்க.’ அதற்கு விற்றவர்கள் பதில் போட்டிருந்தார்கள்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி டியர்.’

அவள் அந்த மனிதருக்கு எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. அடுப்படிச் சுவரில் பல்லி சத்தம் போட்டதற்கே உடம்பு தூக்கிப்போட்டது.

வியாழக்கிழமை மெசேஜில் ஒரு நாய் குரைத்தது. அடுத்த வீட்டு நாய்தான், இரும்பைச் சுரண்டுகிற மாதிரி குரைக்கும். அதை அவள் மூன்று முறை போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு குரைப்பும் இரண்டு தடவை கேட்டது. ஒன்று அம்மா பேசுகிற பக்கத்தில், தூரத்தில், சுவருக்கு அப்பால். இன்னொன்று மிகக் கிட்டத்தில், கூப்பிட்டவளின் காலடியில்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, ரெண்டு மணிக்குப் பேசுறது நான் இல்ல.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா?”

“சரி, நானே பேசுனாலும் இனிமே ‘வா’ன்னு சொல்லாதீங்க.”

“பின்ன என்னத்தச் சொல்றது? ‘போ’ன்னா சொல்ல முடியும்?”

“‘வச்சிரு’ன்னு சொல்லுங்க.”

“மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்லா.” அம்மா சிரித்தாள். “பெத்த பிள்ள வரேங்குது, வச்சிருன்னு சொல்றதா.”

அந்த வார்த்தையை அம்மாவின் வாயிலிருந்து எப்படிப் பிடுங்குவது என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியவில்லை. நாலு நாளாக ஏதோ ஒன்று வழி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது, அம்மா நாலு நாளும் வா என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு அம்மாவைத் தவிர யாருமில்லை. பயம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதல்ல, தான் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஆகிவிடும் என்பது.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டாள். ஆடிட், பன்னிரண்டு வரைக்குமாவது இரு என்றார் மேனேஜர். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஆன்டியின் கையில் வாசல் கிரில் கதவுக்கு இருந்த ஒரே சாவியைக் கொடுத்து, நான் வரும்வரை அம்மாவை விட்டு நகராதீங்க, யார் வந்தாலும் திறக்காதீங்க என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று வரேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே காரில் ஏறினாள்.

ஆடிட் ஒன்றரை வரை இழுத்தது. ஓடி வந்து காரில் உட்கார்ந்ததும் பவுனம்மாளின் ஹேண்ட்போனுக்கு அடித்தாள். பின்னால் மீன் வெட்டும் சத்தம் கேட்டது.

“ஆன்டி, எங்க இருக்கீங்க?”

“பாசார்ல. நீதானம்மா வீட்டுக்குப் போன் பண்ணி, தெருமுனைக்கு வந்துட்டேன், நீங்க போங்கன்னு சொன்ன? சாவிய அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன்.”

“நான் பண்ணல ஆன்டி. உடனே திரும்பிப் போங்க.”

“மவன் காருல வந்தேன் லா. அவன் பள்ளிவாசல் ரோட்டுல, வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறான்.”

வீட்டு எண்ணை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. சாலை முழுக்க கண்டெய்னர் லோரிகள், ஒன்றுக்குப் பின் ஒன்று, மலைப்பாம்பு போலப் படுத்துக் கிடந்தன. ஐந்தாவது மணிக்கு மெஷின் எடுத்தது. வெளியிலிருந்து அடித்தாலும் ரகசிய எண்ணைப் போட்டால் மெஷினைத் திறக்கலாம். ஆறை அழுத்தினால் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கலாம், ஸ்பீக்கர் வழியாகப் பேசவும் செய்யலாம். நோயாளி இருக்கிற வீட்டுக்கு வசதி என்று பெட்டியில் போட்டிருந்தது. அவள் ரகசிய எண்ணைப் போட்டு ஆறை அழுத்தினாள்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் டக், டக், டக்.

“யாரு?” அம்மா கேட்டாள். “பிரியாவா?”

“அம்மா, வந்துட்டேன்.”

அவளுடைய குரல். போனுக்குள்ளிருந்து இல்லை. வாசலிலிருந்து.

“அம்மா,” என்று விஷ்ணுப்ரியா கத்தினாள். “நான் இங்க கார்ல இருக்கேன். திறக்காதீங்கம்மா. அது நான் இல்ல.”

டக் டக் நின்றது. மெஷினின் ஸ்பீக்கர் வழியாகத் தன் குரல் ஹாலில் முழங்கியதை அவளே கேட்டாள். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போல, உயிரும் சதையும் இல்லாத குரல். வாசலில் நின்றதுதான் மனுஷக் குரலாக இருந்தது.

“பாரு பிரியா,” அம்மாவின் குரல் வாசல் பக்கம் திரும்பியது. “நீ சொன்னியே, அது. உன் குரல்லயே பேசுது.”

“ஆமாம்மா. அதுக்குப் பயந்துதான் சீக்கிரம் வந்தேன். கிரில்லத் திறங்க.”

சாவிக்கொத்து குலுங்கியது.

“அம்மா, வேணாம்மா. அம்மா.”

இரும்பு இழுபட்டது. மறுபடி இழுத்துச் சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போலீசைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்வது? என் வீட்டுக்குள் நான் நுழைந்துவிட்டேன் என்றா? துண்டித்தால் உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடும். அவளால் துண்டிக்க முடியவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, ஹாரனை அழுத்திக்கொண்டு, அழுதுகொண்டே ஓட்டினாள். கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

“உக்காருங்கம்மா. நல்லா சாஞ்சுக்கங்க.”

“என்னம்மா கை இப்படிச் சில்லுனு இருக்கு?”

“கார்ல ஏர்கோன்.”

அடுப்பு பற்றும் சத்தம். பாத்திரம். கரண்டி.

“பசியே இல்ல பிரியா. இப்பதான் பவுனம்மா குடுத்தா.”

“கொஞ்சம்மா. ஆ காட்டுங்க.”

பிறகு கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் மட்டும். கிளிங். கிளிங். சீரான இடைவெளியில். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

வீட்டு வாசலில் காரை அணைத்தாளா, ஓடவிட்டபடியே இறங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வீட்டு நாய் சுவரோரம் சுருண்டு கிடந்தது, குரைக்கவில்லை. கிரில் பூட்டியிருந்தது. உள்கதவு விரியத் திறந்திருந்தது. பட்டப்பகல். எல்லாமே தெரிந்தது.

அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில், வாசலுக்கு முதுகு காட்டி, நீலத் தொழிற்சாலைச் சட்டையில் ஒருத்தி. அதே கிளிப். அதே தோள் சரிவு. பாதங்களில் செருப்பில்லை, நடந்து நடந்து பாதமே தேய்ந்திருந்தது.

“அம்மா.”

கையிலிருந்த போன் வழியாக அந்தக் கத்தல் ஹாலில் மெஷினிலும் ஒலித்தது. கட்டிலோரத்தில் இருந்தவள் திரும்பவில்லை. திரும்பாமலே இடது கையை நீட்டி மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

விஷ்ணுப்ரியா கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். வாய் கிழியக் கத்தினாள். தொண்டை அதிர்வது தெரிந்தது. சத்தம் வரவில்லை. மெஷினோடு சேர்ந்து அவள் குரலும் அணைந்துபோயிருந்தது.

அம்மாவின் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. இப்போது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, கஞ்சி மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியிருந்தது, ஒரு கை மெத்தையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

“ஆ,” என்றது அவளுடைய குரல், அன்பாக. கரண்டி மறுபடியும் கிண்ணத்துக்குள் போனது.