பெட்டி 114-க்கு அனுமதி இல்லை

போன் அடித்தது.

ஓய்ந்தது. மறுபடி அடித்தது. காலை எட்டரைக்குள் இது பதினோராவது தடவை.

"எடுக்காத," என்றான் சஞ்சீவ். "அந்தப் பொம்பளதான். சேர்வர் பிழைன்னு நேத்தே சொல்லியாச்சு."

முதலாளிமாருக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரே பெயர்தான். சேர்வர்!

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது 'வழித்துணை' கம்பனி. லொறி, பஸ், ஸ்கூல் வேன் எல்லாவற்றுக்கும் ஒரு சின்னப் பெட்டி பூட்டிக் கொடுப்பார்கள். சற்றலைட்டைக் கொண்டு வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பெட்டி அதைச் சேர்வர் என்கிற பெரிய கொம்பியூட்டர் வழியாக ஆபீஸ் திரைக்கு அனுப்பும். சஞ்சீவ் முதலாளி. பெட்டியை விற்பவன். றம்ஸியா இஞ்சினியர். பெட்டி மக்கர் பண்ணினால் ஏச்சு வாங்குகிறவள்.

றம்ஸியா போனை எடுத்தாள்.

"எம் புருஷன் எங்க மிஸ்?"

குரல் போனிலும் கேட்டது... மாடிப்படியிலும் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் நிலூஷா. முப்பது வயது. கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பின்னால் சப் இன்ஸ்பெக்டர் அஜந்தன், தொப்பியைக் கழற்றியபடி.

"இவவின்ர மனுசன் கணேஸ், லொறி ட்ரைவர்," என்றார் அஜந்தன். "நேற்று பதினொரு மணிக்குக் கலஹாவில தேயிலை ஏத்திக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டவர். போய்ச் சேரேல்ல. போனும் வேலை செய்யேல்ல. லொறியோட ஓடிட்டான் எண்டு லொறி முதலாளி பெரியதம்பி முறைப்பாடு குடுத்திருக்கிறார்."

"ஓடுறவரு மருந்த வீட்ல வச்சிட்டா ஓடுவாரு?"

நிலூஷா சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஓர் இன்சுலின் ஊசி.

"ராத்திரிக்கு வந்து போட்டுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நேத்து ராத்திரிக்கும் போடல, இன்னிக்குக் காலையிலயும் போடல. இன்னொரு நேரம் தப்பினா மயங்கி விழுந்திடுவாருன்னு டொக்டர் சொல்றாரு. நீங்க என்னன்னா சேர்வர், சேர்வர்னு போன வச்சிடுறீங்க. வெக்கமா இல்ல?"

சஞ்சீவ் கதிரையை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. சேர்வர் வெளிநாட்டுல இருக்கு. நாங்க எழுதிப் போட்டிருக்கோம். மூணு நாள் ஆகும்."

"மூணு நாளா?" என்று திரும்பினாள் றம்ஸியா. "எனக்கு ஏன் நேத்து சொல்லல்ல சேர்? நான் நேத்து முழுக்கப் பேராதனையில பஸ்ஸுக்குப் பெட்டி பூட்டிக்கிட்டு நின்டேன். ஒரு கோல் எடுத்தீங்களா?"

"உன்னத் தொந்தரவு பண்ண வேணாமேன்னுதான்..."

"பெரிய உபகாரம்."

அவள் கொம்பியூட்டரை இழுத்தாள். விரல்கள் தட்டிய தட்டில் விசைப்பலகை கதறியது.

"சேர்வர் பிழைன்னா எல்லாப் பெட்டியும் படுக்கணும் தானே? நூற்று நாப்பது பெட்டி ஓடுது. படுத்தது ஒண்ணே ஒண்ணு. நூற்றுப் பதினாலு. கணேஸ்ட லொறி."

அஜந்தன் குனிந்து பார்த்தார். "பெட்டி செத்துப் போச்சோ?"

"இல்ல சேர். உயிரோட ஈக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சேர்வர் கதவத் தட்டுது. கடைசியாத் தட்டினது ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால. சிம் நல்லம், கரண்ட் நல்லம். சேர்வர்தான் 'அனுமதி இல்லை'ன்னு திருப்பி அனுப்புது."

"எந்த டவரிலயிருந்து தட்டுது எண்டு சிம் கம்பனியைக் கேட்டிருக்கிறன். நாளைக்குத்தான் சொல்லுவினமாம்."

"நாளைக்கு எனக்கு எதுக்கு?" என்றாள் நிலூஷா.

சஞ்சீவ் இருமினான். "பெட்டியோட மணிக்கூடு பிழைச்சிருக்கும். அப்பவும் இப்படித்தான் ஆகும்."

"மணிக்கூடு பிழைச்சா பெட்டிதான் சேர்வர நம்பாது. இங்க சேர்வர்தான் பெட்டிய நம்பல்ல. ரெண்டும் வேற வேற." றம்ஸியா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டோக்கன் ஈக்கு. செக்பொயின்ட்ல ஐடி காட்டுற மாதிரி. அதக் காட்டினாத்தான் சேர்வர் உள்ள எடுக்கும். யாரோ 114-ட டோக்கன வெட்டி ஈக்காங்க."

"எப்ப?"

"நேத்து காலையில. பத்து நாப்பத்திரெண்டுக்கு."



லொறி புறப்பட்டது பதினொரு மணிக்கு. டோக்கன் வெட்டப்பட்டது அதற்கும் பதினெட்டு நிமிடம் முன்னால்!

"அப்ப இது கோளாறு இல்லை," என்றார் அஜந்தன் மெதுவாக. "களவு. ஆர் வெட்டினது?"

றம்ஸியா கீழே இறக்கிப் பார்த்தாள்.

திரையில் எழுதியிருந்தது... 'றம்ஸியா'.

நிலூஷா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயாடி? எம் புருஷன என்ன பண்ணின?"

"அக்கா, கைய எடுங்க. நான் இல்ல."

"உங்கட பேர்தானே இருக்குது?" அஜந்தனின் குரலில் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

றம்ஸியா எழுந்து போய் மூலையில் நின்ற அலுமாரியின் கதவைப் படாரென்று திறந்தாள். கதவின் உட்பக்கம் ஒரு தாள். ஐந்து பேர். ஐந்து பாஸ்வேர்ட்.

"எங்கட ஆபீஸ் ஒழுங்கு. யாரும் லீவு போட்டா வேலை நிக்கக்கூடாதாம். எல்லார்ட பாஸ்வேர்டும் இங்க ஒட்டணுமாம். வேணாம் வேணாம்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டாங்களா? என் பேர வச்சு எவனோ செஞ்சதுக்கு நான் கம்பி எண்ணணுமா?"

"சேர், றம்ஸியா நல்ல புள்ள," என்று குறுக்கே வந்தான் சஞ்சீவ். "அவ செஞ்சிருக்க மாட்டா. அப்படியே செஞ்சிருந்தாலும்... ஏதோ தெரியாம."

எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு அனுதாபப்படுகிற முகம் அது. அஜந்தனின் பார்வை றம்ஸியாவை விட்டு நகரவில்லை.

"டோக்கனைத் திருப்பிக் குடுத்தால் என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சேர்," என்றான் சஞ்சீவ். "எந்த சற்றலைட் எந்தப் பக்கம் நிக்குதுன்னு சேர்வர்தான் பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கும். சேர்வர் இல்லாட்டி பெட்டி குருடு. கஸ்டமருக்கெல்லாம் நான் சொல்றதே அதுதான். நேத்து முழுக்க அது எதையும் பார்த்திருக்காது. இப்ப குடுத்தாலும் லொறி ஏதாவது கூரைக்குக் கீழ நின்னா வானம் தெரியாது."

றம்ஸியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

"குடுத்துப் பாருங்கோ," என்றார் அஜந்தன்.

"தாராளமா," என்றான் சஞ்சீவ். பிளேன் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான்.

றம்ஸியா 114-க்குப் புது அனுமதி கொடுத்தாள். இனிப் பெட்டி கதவைத் தட்ட வேண்டும்.

ஒரு நிமிடம்...

இரண்டு நிமிடம்...

நிலூஷா ஐஸ் கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்பது வருஷமா லொறி ஓட்டுறாரு சேர். ஒரு தேயிலைத் தூள் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. அவரப் போயித் திருடன்னு எழுதிட்டீங்களே. உங்க கை விளங்குமா?"



'டிங்!'

திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று. இன்னொன்று. பிறகு மளமளவென்று நூற்றுக்கணக்கில்!

"என்ன இது?" சஞ்சீவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"நேத்து," என்றாள் றம்ஸியா. "பதினொண்ணு ரெண்டு, கலஹா. பன்னெண்டுக்கு பேராதனை. பன்னெண்டரைக்கு கடுகண்ணாவை..."

"அது எப்படி? சேர்வர் இல்லாம..."

"சேர்வர் உதவிதான் செய்யும் சேர். ரெண்டு செக்கன்ல இடத்தப் பிடிக்க உதவி. உதவி இல்லாட்டி பெட்டி தானா வானத்தத் தேடும். ஒரு நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான். அனுப்ப வழி இல்லாட்டி எல்லாத்தையும் வயித்துக்குள்ள எழுதி வச்சிக்கும். கதவு திறந்ததும் கொட்டும்."

கடைசிப் புள்ளி விழுந்தது. பன்னிரண்டு நாற்பத்தெட்டு. கடுகண்ணாவைப் பெரிய ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு கிளை ரோடு. அதன் முடிவில் ஒரு கட்டடம். அதற்குப் பிறகு புள்ளியே இல்லை.

அஜந்தன் விரலை வைத்தார். "இதிலதான் கூரைக்குக் கீழ போயிருக்குது. ஆரின்ர இடம் இது?"

றம்ஸியா நாற்காலியை மெதுவாகத் திருப்பினாள். சஞ்சீவைப் பார்த்தாள்.

"போன மாசம் கொங்கிறீட் போட்ட நாள் எங்க எல்லாரையும் வேன்ல கூட்டிப் போய் கிரிபத்னு பால்சோறு தந்தீங்களே சேர். உங்கட புது ஸ்டோர்."

கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

சஞ்சீவ் கதவுக்குப் பாய்ந்தான். அங்கே நிலூஷா நின்றாள். கொழுந்துக் கூடை சுமந்து உரமேறிய கை அது. விட்ட அறையில் அவன் அலுமாரியோடு போய் மோதினான். அஜந்தன் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் விலங்கை எடுத்தார்.

"தங்கச்சி, இன்னொண்டு போடுங்கோ. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

நிலூஷா இன்னொன்று போட்டாள்.

அஜந்தன் அறிவித்த இருபது நிமிடத்தில் கடுகண்ணாவைப் பொலிஸிலிருந்து கோல் வந்தது. ஸ்டோருக்குள் லொறி. லொறியில் தேயிலை அப்படியே. விற்கத்தான் இன்னும் நேரம் கிடைத்திருக்கவில்லை. பின் அறையில் கை கால் கட்டிய கணேஸ். மயக்கம், ஆனால் உயிர் இருக்கிறது. தண்ணீர் தெளித்ததும் ஒரே ஒரு விஷயம் சொன்னானாம். 'பெட்டி பழுது, ஸ்டோருக்கு வாங்க, அஞ்சு நிமிஷத்துல மாத்தித் தாறோம்னு பெட்டிக் கம்பனி முதலாளி போன் பண்ணினாரு. நம்பிப் போனேன்.'

நிலூஷா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அழவில்லை. அஜந்தனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"அந்த முறைப்பாட்டக் கிழிக்கிறீங்க. எங்கண்ணு முன்னாடி கிழிக்கிறீங்க."

"ஓம் தங்கச்சி. முதல்ல ஊசி. ஜீப்பில ஏறுங்கோ. அம்புலன்ஸுக்கும் சொல்லியாச்சு."

மாடிப்படியில் சஞ்சீவை இறக்கினார்கள். கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. றம்ஸியாவைக் கடக்கும்போது நின்றான். பிடிபட்டதைவிட ஏமாந்ததுதான் அவனுக்குப் பெரிய ஆத்திரம்.

"சேர்வர் இல்லாமலே பெட்டி வேலை செய்யும்னு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

றம்ஸியா அலுமாரிக் கதவிலிருந்த தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

"மார்ச் மாசம் ட்ரெய்னிங் வச்சேன் சேர். நீங்கதான் வரல்ல."