புது ஸ்பிரிங்

“நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்.”

“காத்தடிச்சா பறந்துடுவீங்க. கயிறு போட்டுத்தான் கட்டணும்.”

“அப்ப உன்னை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்கிறேன், போதுமா?”

அந்த மோட்டார்சைக்கிளின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு அவள் கணவன் சொன்னது அது. வண்டி வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் முகத்தை மூடியபோது, “எழுந்து வாங்க, போலாம்” என்று சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் ஆட்கள். சொல்லாமலே வெளியே வந்துவிட்டாள்.

அதே வண்டி, அதே கறுப்பு, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்ட அன்றே போய் நின்றாள். விற்றவர் அதைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒருமுறைகூடப் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“தங்கமான வண்டிம்மா. பின்னாடி மட்டும் யாரையும் ஏறச் சொல்லாதீங்க.”

“ஏன்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஸ்பிரிங் போச்சு.”

ஸ்பிரிங்தானே! தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டியே பிழைக்கிற கை அவளுடையது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டியை நிறுத்தினாள். மாலைதோறும் வேலை முடிந்து வந்து கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்தாள், செயினுக்கு எண்ணெய் விட்டாள், பழைய ஸ்பிரிங் இரண்டையும் தூக்கியெறிந்துவிட்டுப் புதுசு போட்டாள். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடக்கி வைத்துவிட்டுப் போவாள். விடிந்தால் இரண்டும் விரிந்திருக்கும்.

“அண்ணி, இதை மடக்கி வைக்க மாட்டீங்களா? முட்டி பேந்துருச்சு!” முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நாத்தனார் கத்தினாள்.

“மடக்கித்தானே வெச்சேன்.”

“அப்ப எங்கண்ணன்தான் வந்து உக்காந்திருக்கான்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு அது வாய்தவறி வந்த பேச்சு. அவளுக்கு அப்படியில்லை. அன்றிலிருந்து மடக்குவதையே விட்டுவிட்டாள்.

தனியாக ஷெட்டில் குந்தியிருக்கும்போது, இன்னும் ஒருமுறைகூட உதைத்து எழுப்பாத இன்ஜின், வெகுதூரம் ஓடி வந்து நின்றதுபோல டிக் டிக்கென்று சூடு தணிவதையும், பெட்ரோல் வாடைக்கு அடியிலிருந்து ஊறிப்போன துணியின் வாடை ஒன்று எழுந்து தன் பிடரியருகே வந்து நிற்பதையும், சீட்டின் ரெக்சின் மெல்ல முனகுவதையும் அவள் உணர்ந்தும் உணராதவள்போல இருந்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அவன்மேல் ஒருநாளும் அப்படியொரு வாடை இருந்ததில்லை என்பதை மட்டும் நினைக்க மறுத்தாள்.

வண்டி தயாரான மாலை, நாத்தனார் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் ஷெட்டின் பின்சுவர். இருட்டு. வேறொன்றுமில்லை.

அந்த வாடை வந்தது.

பின்னால் ஏதோ நின்றது. மூச்சு விடவில்லை. நகரவில்லை. காத்திருந்தது.

கூப்பிட்டால்தான் ஏறுமோ?

விற்றவரின் குரல் எங்கோ கேட்டது. ஏறச் சொல்லாதீங்க. ஸ்பிரிங்தான் மாற்றியாயிற்றே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“வாங்க.” குரல் உடைந்தது. “ஏறிக்கோங்க. போலாம்.”

புது ஸ்பிரிங் கிரீச்சிட்டது. பின்பக்கம் இறங்கியது. இன்னும் இறங்கியது. டயர் மட்கார்டில் உரசும்வரை இறங்கியது.

காற்றடித்தால் பறந்துவிடுகிறவன் அவன்.

ஈரமான கை ஒன்று அவள் இடுப்பைச் சுற்றி வந்தது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.