பன்னிரண்டு ராசிக்கும் ஒரே பலன்

மழை அவளைத் துரத்திக்கொண்டே கட்டிடத்துக்குள் நுழைந்தது. கம்பி உடைந்த குடையை மடக்கப் பார்த்து, முடியாமல், அதையும் நனைந்த கூந்தலையும் ஒரே கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள்... மின்சாரம் போயிருந்தது. பழைய லிஃப்டுக்குள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

கம்பிக்கதவை ஒரு காலால் தடுத்துப் பிடித்திருந்தான். கையில் டார்ச். வெளிச்சம் கீழிருந்து அடித்ததில் முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. சிரிக்கிற கண்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

"ஏறிக்குங்க மேடம். கரண்ட் இதோ வந்துடும். மேல கொண்டுபோய் விட்டுடறேன்."

மூன்று வருடமாக ஏறி இறங்கிய லிஃப்ட்தான். ஒரு காலை உள்ளே வைத்தாள்.

பிடரியில் யாரோ மெல்ல ஊதினாற்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.  வைத்த காலை, தன்னை அறியாமலேயே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் வரலை... நீங்களும் இறங்கிடுங்க."

"நான் இறங்கிட்டா இதை யாரு பார்க்கிறது? லிஃப்ட் மெக்கானிக் மேடம் நான். வருஷத்துக்கு ஒரு தடவை இதுக்கு வைத்தியம் பார்க்கத்தான் என்னை அனுப்பறாங்க."

"எதுக்கும்... இறங்கிடுங்களேன்."

அவன் டார்ச்சை அவள் பக்கம் திருப்பினான். நனைந்த இமைகளில் நின்ற மழைத்துளிகள் மினுங்கின. 

"ஓ... ராசிபலன் எழுதற மேடம் நீங்கதானா? வாட்ச்மேன் சொன்னாரு. எங்கம்மா உங்க பத்திரிகையைப் படிச்சுட்டுத்தான் சாயங்காலம் அடுப்பையே பத்த வைப்பாங்க. அம்மா சொன்னா நான் எதையும் தட்ட மாட்டேன். நீங்க சொன்னா இறங்கணுமா என்ன?"

"உங்க ராசி என்ன?"

"அது தெரிஞ்சா பலன் எழுதறது சுலபமாச்சே... கண்டுபிடிங்க, பார்ப்போம்!"

அவள் படியேறினாள். பத்திரிகை அலுவலகம் ஐந்தாவது மாடியில். நான்காவது மாடியைக் கடக்கும்போது லிஃப்ட் குழியின் கம்பிவலைக்குள்ளிருந்து எண்ணெயும் ஈர இரும்பும் கலந்த ஒரு வாடை வந்தது. மறுபடி பிடரியில் அதே மூச்சு. ஓட்டமாய் ஏறினாள்.

*

அந்த மாலைப் பத்திரிகையில் பலன் எழுதிவந்த ஜோசியர் கண் மங்கி வேலையை விட்டதும், பக்கம் அமைக்கும் அவள் தலையில் அந்த மூலையைக் கட்டிவிட்டார்கள். ஜோசியரின் படம் அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் இவளுடையது. ஒன்று மட்டும் பிடிவாதம். கெட்டது எழுதவே மாட்டாள். தடை நீங்கும், மனம் மகிழும், நல்ல செய்தி வரும்... அவ்வளவுதான்.

"கொஞ்சம் பயமுறுத்தும்மா, அப்பதான் படிப்பான்" என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் அசையவில்லை. காரணத்தை அவரிடம் சொல்லவா முடியும்?

ஒன்பது வயதில் ஒரு நாள், ஊருக்குக் கிளம்பிய மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வண்டியில போகாத மாமா" என்று அழுதாள். ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. மாமா சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. கூடத்தில் அழுதுகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்த பார்வை... "கருநாக்குடி உனக்கு. நீ சொல்லித்தாண்டி ஆச்சு."

அன்றிலிருந்து அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். பிடரி சொல்லும், நாக்கு சொல்லாது. சொன்னால் நடந்துவிடும். எழுதினாலும் நடந்துவிடும்.

அப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத ஒருவனிடம் "இறங்கிடுங்க" என்று சொல்லிவிட்டாளே! ஏன் சொன்னாள்?

*

அந்த வாரம் முழுக்க அவன் அங்கேதான் இருந்தான். அவள் படியேறும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாடியில், கையில் எண்ணெய்த் துணியோடு எதிர்ப்பட்டான். தற்செயல் என்று இருவரும் நடித்தார்கள்.

"சிம்மம்?"

"சிங்கம் மாதிரியா இருக்கேன்? சந்தோஷம். இல்லை."

"கடகம்?"

"நண்டா! கோபமா மேடம்?"

ஒரு மாலை நான்காவது மாடியில் நிற்கவைத்து, கம்பிவலை வழியாக உள்ளே காட்டினான். "தராசு மாதிரிதான் இது. பெட்டி ஒரு பக்கம் ஏறினா, அந்தப் பக்கம் இரும்புக் கட்டிங்க இறங்கும். சரியா இந்த நாலாவது மாடியில ரெண்டும் எதிரெதிரே வரும். ஒரு நொடி பார்த்துக்கும்... அப்புறம் அது அது வழியில போயிடும்."

"பாவம்" என்றாள்.

"ஆமா. வருஷக்கணக்கா பார்த்துக்குது. ஒரு வார்த்தை பேசினதில்லை."

அவள் கன்னம் சூடேறியது. அதே நேரத்தில்... கம்பிவலைக்குள் இருட்டாய், ஆழமாய் இறங்கிய குழியிலிருந்து அந்த மூச்சு கிளம்பி அவள் கழுத்தைத் தொட்டது. அவன் தோளுக்குப் பின்னால், யாரோ இவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு நிற்பது போல.

"இங்கதான்" என்றாள், பிடரியைத் தடவிக்கொண்டு. "கழுத்து கூசுது, என்னன்னு தெரியலை. ஆனா இங்கதான் ஏதோ சரியில்லை."

அவன் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "எல்லாத்தையும் பார்த்துட்டேன் மேடம். கயிறு, பிரேக், மோட்டார்... ஒரு குறை கிடையாது."

விஷயம் அதோடு நிற்கவில்லை. இவள் படியேறுவதைப் பார்த்து மற்றப் பெண்களும் படியேறத் தொடங்கினார்கள். கட்டிட மேலாளர் அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "என்னப்பா வேலை பார்த்தே நீ? ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க!"

அவன் நேராக அவள் மேசைக்கு வந்தான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"இது என் பொழைப்பு மேடம். உங்களுக்குக் கழுத்து கூசுதுன்னு என் கைவேலை மேல பழி போட்டா எப்படி? நாளைக்கு மூணு மணிக்குக் கடைசிச் சோதனை. பெட்டியோட கூரை மேல உட்கார்ந்து ஏழாவது மாடியிலேர்ந்து கீழ வரைக்கும் நானே வரப்போறேன். உயிரோட வந்து நின்னா, நீங்க எல்லார் முன்னாடியும் இதுல ஏறணும். அதுவரைக்கும் என்கிட்ட இந்தப் பேச்சை எடுக்காதீங்க."

உயிரோட வந்து நின்னா... அந்தச் சொல் அவள் முதுகுத்தண்டில் எறும்பாய் ஊர்ந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பாதி சொன்னாள். அம்மா கை வேலையை நிறுத்தினாள். "மறுபடியும் வாயைத் திறந்தியா? வேண்டாம்டி. யார் பெத்த பிள்ளையோ. நீ ஒண்ணும் சொல்லாதே. நல்லா இருப்பான்."

*

மறுநாள் காலையிலேயே ஏழாவது மாடிக்குப் போனாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். "சோதனை முடியட்டும் மேடம்." மோட்டார் அறைக் கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வந்து கணினித் திரையின் முன் உட்கார்ந்தாள். பன்னிரண்டு சின்னக் கட்டங்கள் காலியாய் அவளைப் பார்த்தன.

அவன் கேட்க மாட்டான். ஆனால் அவன் அம்மா படிப்பார். அம்மா சொன்னால் அவன் தட்ட மாட்டான். ஒரு வரி... ஒரே ஒரு வரி. ஆனால் எந்தக் கட்டத்தில்? மேஷமா, மீனமா?

எழுதினால் நடந்துவிடுமே. எழுதாவிட்டால்? மாமாவின் சட்டை விரல்களிலிருந்து நழுவிய அந்த உணர்வு இன்னும் விரல்களில் இருந்தது.

மேஷத்தில் எழுதினாள். "இன்று உயரத்தில் ஏறி வேலை பார்ப்பதைத் தவிர்க்கவும். தாயின் சொல் கேட்பது நலம்." அதையே ரிஷபத்தில் வைத்தாள். மிதுனத்தில், கடகத்தில்... மீனம் வரை.

பிழை திருத்தும் அக்கா பக்கத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என்னடி இது? பன்னிரண்டும் ஒண்ணா இருக்கு?"

 அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டாள். "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லை. என் வேலை அவ்வளவுதான். போ."

மதியம் இரண்டு மணிக்குப் பத்திரிகை தெருவுக்குப் போனது. சிறிது நேரத்தில் தொலைபேசிகள் அலறத் தொடங்கின. ஆசிரியர் அறையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தும் சத்தம்... அவள் எழுந்து வெளியே ஓடினாள். ஆசிரியரைப் பார்க்க அல்ல. மணி மூன்று ஆகப்போகிறது.

படியில் கால் வைத்ததும் மேலே மோட்டார் உறுமியது.

ஆறாவது மாடிக்குப் போவதற்குள் பெட்டி அவளைத் தாண்டிக் கீழே போயிற்று. கம்பிவலை வழியே அதன் நிழல் மட்டும்தான் தெரிந்தது. கூரையில் யாராவது இருந்தார்களா? பார்க்க முடியவில்லை. கீழே... ஐந்து... நான்கு... குழிக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடிப்பதைப் போல ஒரு சின்னச் சத்தம்.

பிறகு அந்தப் பேரிடி. கட்டிடமே அதிர்ந்தது. விளக்குகள் நடுங்கின. தூசி புகையாய் எழுந்தது. அதற்கப்புறம் ஒரு நிசப்தம். அதைப் போன்ற நிசப்தத்தை அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறாள், ஒன்பது வயதில், அந்தக் கூடத்தில்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுதிட்டேன்... நான்தான் எழுதிட்டேன்...

"அம்மா, வெச்சுடறேன்... அப்புறம் பேசறேன்மா."

மேலே, ஏழாவது மாடிப் படியில், காதில் செல்போனோடு அவன் நின்றுகொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

*

கூரை மேல் உட்கார்ந்த பிறகுதான் போன் வந்ததாம். குழிக்குள் சரியாகக் கேட்கவில்லை. வெட்டினால் மறுபடி, வெட்டினால் மறுபடி... "அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன், நீ சும்மா ஒரு தடவை கீழ விட்டுப் பாரு" என்று மோட்டார் அறையில் இருந்த கூட்டாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தானாம். நான்காவது மாடியைத் தாண்டியதும் எதிர்ப்பக்கத்து இரும்புக் கட்டிகளில் ஒன்று கழன்று, பெட்டியின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அவன் உட்கார்ந்திருந்த அதே இடம்.

கூட்டம் கலைந்த பிறகு, நான்காவது மாடிப் படியில் அவள் தனியே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

"நான் எழுதினதாலதான் விழுந்துச்சு" என்றாள் தலை நிமிராமல். "கருநாக்கு எனக்கு. மாமாவுக்கும் அப்படித்தான்..."

அவன் உள்ளங்கையை நீட்டினான். அந்த இரும்புக் கட்டியைப் பிடித்திருந்த தடித்த போல்ட், உடைந்து போய். "உடைஞ்ச இடத்தைப் பாருங்க. பாதி பளபளன்னு இருக்கு, அது இன்னிக்கு உடைஞ்சது. மீதிப் பாதி?"

"துரு..."

"மாசக்கணக்கா ஏறின துரு. உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுட்டு இருந்திருக்கு. நான் கயிறைப் பார்த்தேன், மோட்டாரைப் பார்த்தேன், இதைச் சுத்தியலால தட்டிப் பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. நீங்க எழுதினது இன்னிக்குக் காலையில. துருவையுமா நீங்க எழுதினீங்க?"

அவள் அந்தத் துருவைத் தொட்டாள். விரலில் செம்மண்ணாய் ஒட்டியது. இத்தனை வருடமாய் அவளுக்குள் இறுகிக் கிடந்த ஒன்று அவிழ்ந்து, கண்ணீராய் இறங்கியது. மாமாவின் வண்டியிலும் எங்கோ ஒரு துரு இருந்திருக்குமோ... ஒன்பது வயதுக் குழந்தை அதைச் செய்திருக்க முடியாதே!

"மூணு வருஷமா இதுல போறீங்க. இதோட சத்தமெல்லாம் உங்க காதுக்குப் பழக்கம். ஏதோ மாறினது காதுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலை. அதான் கழுத்து சொல்லியிருக்கு."

"ஆனா..." அவள் மெல்லக் கேட்டாள். "முதல் நாள் கரண்டே இல்லையே. லிஃப்ட் ஓடவே இல்லையே. அப்ப எந்தச் சத்தத்தைக் கேட்டேன்?"

 இருவரும் கம்பிவலையைப் பார்த்தார்கள். உள்ளே இருட்டு அசையாமல் நின்றது.

"அன்னிக்கு நான் ஏன் கதவைக் காலால பிடிச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா?" அவன் குரல் தாழ்ந்தது. "உங்களுக்காகன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. அந்தக் கதவை மூடிக்கிட்டுத் தனியா உள்ள நிக்க எனக்குப் பிடிக்கலை. ஏன்னு தெரியலை. மெக்கானிக் பயந்தான்னு வெளிய சொல்ல முடியுமா? நீங்க அதையே வாய்விட்டுச் சொன்னதும்தான் அவ்வளவு கோபம் வந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குச் சிரிப்புக்கு அடியில் விழித்திருந்தது எது என்று இப்போது தெரிந்தது.

"அது சரி... ஏன் பன்னிரண்டுக்கும் எழுதினீங்க?"

"உங்க ராசி எனக்குத் தெரியாதே. நீங்கதான் சொல்லலையே!"

"எனக்கே தெரியாது." அவன் சிரித்தான், கண்கள் ஈரமாயின. "அம்மா என்னைப் பெத்தவங்க இல்லை, எடுத்து வளர்த்தவங்க. பிறந்த நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. அதனால தினமும் பன்னிரண்டையும் படிப்பாங்க. இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணைப் பொறுக்கி, 'இன்னிக்கு இதுதாண்டா உன் ராசி'ன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு ஒரு கட்டத்துல நல்லது இருந்திருந்தாக்கூட அதை எனக்குக் குடுத்துட்டுச் சும்மா இருந்திருப்பாங்க. பொறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னுதான் விடாம போன் பண்ணினாங்க."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ஆசிரியர் என்னை வேலையை விட்டு அனுப்பிட்டா, நாளையிலேர்ந்து அவங்களுக்கு நல்லதா யாரு எழுதுவா?"

"பத்திரிகைக்கு எழுத வேண்டாம். எனக்கு மட்டும் எழுதுங்க" என்றான். "எனக்குன்னு ஒரு ராசி வேணும் மேடம். நீங்களே பார்த்து ஒண்ணு குடுங்களேன்..."

 அவள் ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடரியைக் கவனித்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. இளஞ்சூடு மட்டும்.

"என்னோடது மிதுனம்" என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே. "அந்த ராசிக்குப் போடற படத்துல எப்பவும் ரெண்டு பேர் இருப்பாங்க... என் பக்கத்துல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு."