பிளாஸ்டர் இருந்த இடம்

காலை பதினொன்றேகாலுக்கு லேசர் அறையின் கதவு திறந்தது. உள்ளே போகும்போது இருந்த முகம் வெளியே வரும்போது இல்லை.

வருகிற திங்கட்கிழமை முதல் டி.வி.யில் செய்தி வாசிக்க வேண்டியவள் அவள். சின்ன வயதிலிருந்தே மோவாயிலும் கன்னத்திலும் ரோமம் வளர்கிற உடம்பு. வீட்டில் தாடிக்காரி என்று பட்டப்பெயர், வைத்தது அக்கா. இரண்டு தடவை லேசர் எடுத்ததில் பாதிக்கு மேல் உதிர்ந்து, கேமரா முன்னால் நிறுத்திப் பார்த்து வேலையும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை இரண்டு கன்னமும் மோவாயும் கொப்புளம் கொப்புளமாக வெந்துவிட்டன.

இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது மணி பன்னிரண்டு. ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு மீசை என்று பெயர். மேலுதட்டில் இருந்ததை அவள் எடுத்ததே இல்லை, பெயரையும் கண்டுகொண்டதில்லை. ஆண்கள் வளர்த்தால் வீரம், தனக்குத் தானாக வளர்ந்தால் வியாதியா என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

லேசர் ஆபரேட்டர் மூலையில் நின்றிருந்தாள். பெண்ணின் அம்மா அறைந்த அறை இன்னும் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. மெஷினில் கோளாறு இல்லை, கையில்தான் கோளாறு என்று கிளினிக் முதலாளி எழுதியே கொடுத்துவிட்டார். இனி அவள் ஜெயிலுக்குப் போவதுதான் பாக்கி.

"எவ்வளவு பவர் வெச்சே?"

"போன தடவை வெச்சதேதான் மேடம். காலையில இதே மெஷின்ல ரெண்டு பேருக்குப் பண்ணேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அந்தப் பெண் கத்தவில்லையா என்று மீசை கேட்டாள். மரத்துப்போகிற கிரீமை இந்தத் தடவை வீட்டிலேயே அக்கா அப்பி அனுப்பியிருந்தாள், அதனால் வலி தெரியவில்லை, சூடாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள் என்றாள் ஆபரேட்டர். ரப்பர் பேண்டால் சுண்டுகிற மாதிரி கொஞ்சம் சுரீரென்று எல்லோருக்கும் இருக்கும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தொடங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணே?"

"கிரீமைத் துடைச்சேன். மோவாயில ஒரு வட்ட பிளாஸ்டர் இருந்துச்சு, பிச்சுப் போட்டேன். ஷேவ் பண்ணேன். அப்புறம் வரிசையா அடிச்சேன்."

"கண்ணாடி?"

"காலையில மாட்டினா மதியம்தான் கழட்டுவேன் மேடம். ஒவ்வொரு ஆளுக்கும் கழட்டி மாட்டினா வேலை ஓடாது."

அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கி மீசை மாட்டிப் பார்த்தாள். கரும்பச்சைக் கண்ணாடி. ரோஜா நிறத் திரையும் ஆபரேட்டரின் சிவந்த கன்னமும் சிமெண்டு நிறத்தில் தெரிந்தன. கழற்றிக் கொடுத்தாள்.

பெண்ணோடு யார் வருவார்கள் என்று கேட்டபோது ஆபரேட்டரின் குரல் கொஞ்சம் இளகியது. முதல் தடவை அக்காதான் கூட வந்தாளாம். எல்லாம் விசாரித்தாளாம். வெயிலில் ஏன் போகக்கூடாது என்றுகூட கேட்டாளாம். இந்த வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போகும், முடி கறுப்பாக இருப்பதால் வேரைச் சுடும், நரைமுடியை ஒன்றும் செய்யாது, தோலே கறுத்திருந்தால் தோலையே சுட்டுவிடும் என்று இவளும் பாடம் எடுத்தாளாம்.

"ரொம்ப அக்கறையான அக்கா மேடம்."

"இருக்கும்," என்றாள் மீசை.

பக்கத்து அறையில் டாக்டரம்மா காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். மீசை குனிந்து பார்த்தாள். வெந்த மோவாயின் நடுவில் காசு அளவுக்கு ஒரு வட்டம். அங்கே தோல் அசலாக இருந்தது.

"இந்த வட்டத்துல லேசர் படலையா?"

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "பட்டிருக்கு. முடியோட நுனி கருகியிருக்கு, வேர்க்கால் சிவந்திருக்கு. மத்த இடமும் இப்படித்தான் இருக்கணும்."

பெண்ணால் வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை. மீசை கேட்டதற்கெல்லாம் மெல்ல பதில் சொன்னாள். முந்தாநாள் ஒரு பரு. காய்ந்த பிறகும் கை போகக்கூடாது என்று பிளாஸ்டரை எடுக்கவில்லை. நேற்று ராத்திரி அக்கா ஏதோ குளிர்ச்சியான கிரீம் தடவிவிட்டாள். காலையில் முகம் கழுவுவதற்குள் மரத்துப்போகிற கிரீமையும் அப்பிவிட்டாள். கண்ணாடி பார்க்கவே இல்லை.

"அக்கா எனக்கு இப்படியெல்லாம் செஞ்சதே இல்ல மேடம். வேலை கிடைச்சதுல சந்தோஷம்னு நெனச்சேன்."

வெளியே பெஞ்சில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். அழகி. எந்த வீட்டு விசேஷத்திலும் முதலில் கண்ணில் படுகிற முகம். டம்ளரைத் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்திருந்தாள். சூடு தாங்கவில்லையாம். டீயில் ஆடை படிந்திருந்தது.

மீசை டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். துப்பட்டாவை விலக்கி, இரண்டு கைகளையும் திருப்பினாள். விரல் இடுக்குகளும் உள்ளங்கை ரேகைகளும் திட்டுத்திட்டாகப் பழுப்பேறிக் கிடந்தன.

"வெயிலே படாம தோலைக் கறுப்பாக்குற லோஷன் கடையில விக்குது. ராத்திரி பூசினா காலையில நிறம் ஏறிடும். பூசின கையிலயும் ஏறும், சோப்புக்குப் போகாது. மேல வெள்ளைக் கிரீமை அப்பிட்டே. அதைத் துடைச்சவ பச்சைக் கண்ணாடி வழியா பார்த்தா, நிறம் தெரியல. அது அவ தப்பு, அதுக்கு அவ பதில் சொல்லுவா. ஆனா மெஷின் சுட்டிருந்தா பிளாஸ்டர் இருந்த இடமும் வெந்திருக்கணும். அந்த இடத்துல மட்டும் உன் கை படல."

அக்கா மறுக்கவில்லை. மறுக்கிற முகமும் அல்ல அது, கோபம்தான் இருந்தது.

"இத்தனை வருஷமா அவ பக்கத்துல நின்னுதான் நான் அழகா இருந்தேன். இப்ப எல்லாரும் அவளை டி.வி.யில பார்ப்பாங்க. என்னைக் காட்டி, அவளோட அக்காம்பாங்க."

அம்மா ஓடிவந்தாள். ஆபரேட்டரை அறைந்த அதே கையால் மீசையின் காலைத் தொடப் போனாள்.

"ஒருத்தி முகம்தான் போயிடுச்சு. இன்னொருத்தி வாழ்க்கையும் போகணுமா? சின்னவ பழகினவ மேடம், தாங்கிக்குவா."

மீசை காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அறைக்கதவு திறந்தே இருந்தது; உள்ளே படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும். டாக்டரம்மா அக்காவின் கையைப் பார்த்து, அந்தப் பழுப்பு ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும் என்றாள். தங்கையின் தழும்பு எப்போது மறையும் என்று அம்மா கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள். மீசை போய்க் குனிந்தாள். புகார் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தாள்.

"முதல்ல அக்கா கையை போட்டோ எடுத்துக்குங்க மேடம்," என்றாள் அவள், உதடு பிரியாமல். "அது போயிடும்."