குவெனின் முறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் குவென் சொல்லச் சொல்ல ஹன் தட்டச்சு செய்தாள். அந்த வாரம் ஆடிய கணினி ஆட்டங்களைப் பற்றி நண்பர்களுக்கு நாலு வரி எழுதுவது இருவருக்கும் வழக்கம்.

“கலங்கரை விளக்க ஆட்டம்: கடல் அழகு, கதை ஜவ்வு. எறும்பு ஆட்டம்: ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. போர் ஆட்டம்: தங்கச்சி தோக்கப்போறா.”

“கடைசி வரிய எழுத மாட்டேன், போடா.”

“ரொட்டி வாங்கிட்டு வந்து உன் கோட்டையப் பிடிக்கிறேன் பாரு. அதுவரைக்கும் என் படைய எட்டிப் பார்த்தே, கைய ஒடிச்சிடுவேன்.”

பாலத்தில் ஒரு லாரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தது உடல்தான்.

போர் ஆட்டத்துக்கு ஒரே கணினி, ஒரே நாற்காலி. ஒருவர் தன் முறையை முடித்து எழுந்தால்தான் மற்றவர் உட்கார முடியும். ‘முறை 87. குவென், உட்காரவும்’ என்று திரை காத்து நின்றது. அதை மூடுவது அண்ணனை இன்னொரு தடவை புதைப்பதாகப் பட்டது ஹன்னுக்கு. அப்படியே விட்டுவிட்டாள்.

செத்தவரின் படத்துக்கு முன் நாற்பத்தொன்பது நாள் சோறு வைத்துக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். வேளாவேளைக்குக் கூப்பிடுவது ஹன்னின் நான்கு வயது மகள் மித்: “மாமா, சாப்பிட வாங்க.” ஹன்னுக்கென்று உலகத்தில் மிஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள். ஹுவே நகரத்தின் விடாத தூறலில் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும் ஊதுபத்திப் புகையும் கூடத்தில் தேங்கிக் கிடக்க, யாரோ யோசித்து யோசித்து விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துவது போன்ற சத்தம் அடுப்படி வரை வந்து, அவள் கூடத்தில் கால் வைத்ததும் நின்றது.

‘முறை 88. ஹன், உட்காரவும்.’

“மித், கம்ப்யூட்டர்ல கை வச்சியா?”

“இல்லம்மா. மாமா விளையாடினாங்க.” தரையில் படுத்துப் பன்றிப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குழந்தை நிமிரவில்லை.

“யாருடி வரச் சொன்னா?”

“நான்தான். ‘உங்க முறை மாமா, வாங்க’ன்னு. சாப்பிட மட்டுந்தான் கூப்பிடணுமா?”

ஹன் உட்கார்ந்தாள். அவள் கோட்டையருகே குவெனின் வீரன் ஒருவனும் இல்லை. நண்பர்களுக்கு எழுதும் பக்கத்தைத் திறந்தாள். அன்றைய வரிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று.

‘போர் ஆட்டம்: ஹன்னோட ஆடிச் சலிச்சாச்சு. மித் வந்தா நல்லா இருக்கும்.’

மேசைக்கடியில் தவழ்ந்து வயரைப் பிடுங்கினாள். கணினிக்குள் விசிறி நின்றது. திரையின் வெளிச்சம் போகவில்லை. வெளியே வந்து தலையைத் தூக்கினாள்.

‘முறை 89. மித், உட்காரவும்.’

“மித்!”

தரையில் வண்ணக்குச்சிகள். பாதிப் பன்றி.

திரும்பினாள்.

நாற்காலிக்கு ஒரு சாண் மேலே மித். மடியில் உட்கார்ந்தவள் போல முதுகைச் சாய்த்து, கால்களை ஆட்டிக்கொண்டு. குட்டிக் கைகள் விசைகளின் மேல். யாரோ பிடித்து வைத்தாற்போல மணிக்கட்டுகள் அழுந்திச் சிவந்திருந்தன.

கீழே, நாற்காலி மெத்தையில் ஒரு பள்ளமும் இல்லை.